பஸ்ஸுக்கு ஓடியவர் அறுத்த கயிறு

எங்கள் மகள் பெகிமாய்க்கு ஒன்றரை வயதாகியும் நடை வரவில்லை. அதற்காக அவள் ஒரே இடத்தில் இருந்தாள் என்று நினைத்துவிடக் கூடாது. உட்கார்ந்தபடியே வீடெங்கும் போய்வந்தாள். அது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், புரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

வலது காலை முன்னால் நீட்டிக் குதிகாலைத் தரையில் ஊன்றுவாள். பிறகு காலை மடக்குவாள். குதிகால் நகராது, ஆகவே உடம்புதான் அதை நோக்கி வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இடது கை பக்கவாட்டில் ஒரு தள்ளுத் தள்ளும். வலது கை சும்மா இருக்கும். அந்தக் கையில் எப்போதும் எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டு ஒன்று, பொர்சோக், இருக்கும். கம்பளி விரிப்பின் மேல் கொஞ்சம் மெதுவாகத்தான் போவாள். சமையலறைத் தரை வழவழப்பானது, அங்கே பூனையே ஒதுங்கி வழிவிடும்.

கோச்கோர் கடைவீதியில் நான் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். சக்கரம் ஒரு பக்கம் இழுத்தால் ஏன் இழுக்கிறது என்று பார்த்துப் பார்த்து, அசைகிற எதையும் குனிந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. மகளை எத்தனை நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

"பாரேன் நுர்சாத்" என்றேன் மனைவியிடம். "தவழுறதுன்னா ரெண்டு கையும் வேணும், திங்க முடியாது. நடக்கிறதுன்னா விழணும். இவ ரெண்டையும் விட்டுட்டா. ஏற்கெனவே உக்காந்திருக்கிறவ எங்கே போய் விழுவா?"

"பள்ளிக்கூடத்துக்கும் இப்படியே போவாளா? கல்யாண வீட்டுக்கும்?"

"அதுக்குள்ள..."

"பக்கத்து வீட்டுப் பையன் இவளைவிடச் சின்னவன். நேத்து நம்ம வேலிக்கு வந்து நின்னுக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறான். நடந்து வந்து சிரிக்கிறான் மெதெர்!"

அதன் பிறகு நுர்சாத் மாலையில் தெருப்பக்கம் போவதை விட்டுவிட்டாள். ஆட்டு வால் கொழுப்பை உருக்கிக் குழந்தையின் காலில் தேய்த்தாள். மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் முழங்காலை மடக்கி, பாதத்தைச் சுரண்டி, இடுப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"கால்ல ஒரு கோளாறும் இல்லம்மா. இவளுக்கு அவசரம் இல்ல, அவ்வளவுதான்."

"அவசரம் எப்போ வரும் டாக்டர்?"

"அதுக்கு மருந்து இல்லையே."

 வீட்டுக்கு வந்ததும், எதையாவது செய், வழுக்காமல் இருந்தாலாவது எழுந்து நிற்பாளா பார்ப்போம் என்றாள் நுர்சாத். பழைய ட்யூப் ஒன்றை வெட்டிக் குழந்தையின் கால்சட்டைக்குப் பின்னால் தைத்தேன். ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும், வேகம் குறையும் என்பது கணக்கு. வேகம் குறைந்தது உண்மைதான். ஆனால் பிடிப்பு வந்ததால் வளைவுகளில் வழுக்காமல் திரும்பக் கற்றுக்கொண்டாள். அதுவரை மோதிக்கொண்டிருந்த அலமாரியை இப்போது அழகாகச் சுற்றிப் போனாள். நான் கைதட்டிவிட்டேன். நுர்சாத் அன்று எனக்குச் சாப்பாடு போடவில்லை.

இந்த நேரத்தில்தான் என் அக்கா குல்பாரா வந்து சேர்ந்தாள்.

"கயிறு அறுத்தீங்களா?"

குழந்தை நடக்கத் தொடங்கும்போது கறுப்பும் வெள்ளையுமாய்க் கம்பளிநூல் முறுக்கி இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டுவோம். நல்லதும் கெட்டதும் சேர்ந்துதான் வரும் என்பதற்காக இரண்டு நிறம். கொஞ்ச தூரத்திலிருந்து ஆட்கள் ஓடிவருவார்கள். முதலில் வந்து சேர்கிறவர் கத்தியால் கயிற்றை அறுப்பார். அறுத்தவரைப் போலத்தான் குழந்தை நடக்கும், அவரைப் போலத்தான் வாழும்.

"நடந்தாதானே அண்ணி அறுக்கிறது?" என்றாள் நுர்சாத்.

"அறுக்காததாலதான் நடக்கல."

"நடக்காததாலதான் அறுக்கல."

"அறுத்தா நடப்பா."

"நடந்தா அறுப்போம்."

எனக்கு இது ரொம்பப் பிடித்த வகைச் சிக்கல். எந்தச் சக்கரம் எதை இழுக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து காட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னை வெளியே போகச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது அறுப்பது என்று முடிவாகியிருந்தது. நுர்சாத்தின் கண் சிவந்திருந்தது.

யார் அறுப்பது என்பதும் அக்காவுக்கு முடிவாகியிருந்தது. அசில்பெக். அவள் கணவர் வேலை செய்யும் அலுவலகத்தின் துணைத்தலைவர். கனத்த உடம்பு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்னால் யாரோ கம்பளம் விரித்துக்கொண்டே போவது போல நடப்பார்.

"அந்த நடை வந்தா போதும், பொண்ணு எங்கேயோ போயிடுவா" என்றாள் அக்கா.

"சரிக்கா. ஆனா ஓட்டத்துல ஜெயிச்சவங்கதானே அறுக்கணும்? அவர் ஓடி நான் பாத்ததே இல்லையே."

"அவர் ஜெயிப்பார். மத்தவங்க தோக்கணும், அவ்வளவுதானே?"

ஓடுவதற்கு ஐந்து பேரைப் பிடித்து, அவரை யாரும் முந்தக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சடங்குக்கு முந்தைய நாள் ஒத்திகை நடந்தது. அங்கேதான் ஒரு தொல்லை. நடக்கும்போது ஒரு பாதமாவது தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டு பாதமும் தரையைவிட்டு எழும்பும் நேரம் ஒன்று உண்டு, அது இருந்தால்தான் ஓட்டம். எழும்பினால் உடம்பு முன்னால் போய்விடும். முன்னால் போனால் அசில்பெக்கைத் தாண்டிவிடும். ஆகவே அவரைவிட மெதுவாக ஓட ஒரே வழி நேராக மேலே எழும்பி அதே இடத்தில் இறங்குவது. இதை நான் விளக்கியதும் ஐந்து பேரும் வரிசையாக நின்று குதித்துப் பழகினார்கள். அவர்களில் அத்தான், அக்காவின் கணவர், மட்டும் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்.

முற்றம் சின்னது. அதனால் எங்கள் வாசலுக்கு முன்னால், சாலையோரப் புல்வெளியில் எல்லாம் ஏற்பாடாயிற்று. பஸ் நிற்கும் இடம் வாசலுக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி இருப்பதை யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அன்று ஊரே வந்திருந்தது. பொர்சோக் மலை போல் குவிந்திருந்தது. நுர்சாத் மகளின் அக்குளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியிருந்தாள். கணுக்காலில் கறுப்பு வெள்ளைக் கயிறு எட்டுப் போட்டுக் கட்டியிருந்தது. பெகிமாய் அதைக் குனிந்து பார்த்துவிட்டுக் கையிலிருந்ததைக் கடித்தாள்.

"மெதெர், கயிறு அறுத்ததும் இவ உக்காந்துட்டா?" நுர்சாத்தின் குரல் எனக்கு மட்டும் கேட்டது. "இத்தனை பேர் முன்னாடி உக்காந்துக்கிட்டே போனா? நான் இந்த ஊர்ல எப்படி இருப்பேன்?"

 குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தேன்.

அக்கா கைக்குட்டையை வீசினாள். ஓட்டம் தொடங்கியது.

அசில்பெக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அவருக்குப் பின்னால் ஐந்து ஆண்கள் முகத்தில் வெறியோடு, கைகளை வீசி வீசி, அதே இடத்தில் குதித்தார்கள். கூட்டம் உற்சாகமாகக் கத்தியது. அவர் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். ஐந்து பேரும் நின்று மூச்சு வாங்கினார்கள். அவர் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார். அவர்கள் வானத்தைப் பார்த்தபடி குதித்தார்கள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் ஐயா!" என்று அக்கா கூவினாள்.

அந்த நேரம் சாலையில் நாரினுக்குப் போகும் மினி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. கடைவீதிப் பக்கமிருந்து ஓர் ஆள் பாய்ந்து வந்தார். ஒரு கை மேலே தூக்கியிருந்தது. மறு கக்கத்தில் கரி படிந்த அடுப்புப் புகைக்குழாய், முழங்கை போல் வளைந்தது. புதுக் குழாய் வாங்கப் போகிறவர்கள் அளவுக்குப் பழையதை எடுத்துப் போவார்கள்.

"நிறுத்துப்பா! வந்துட்டேன், வந்துட்டேன்!"

குதித்துக்கொண்டிருந்த ஐந்து பேரைத் தாண்டினார். அசில்பெக்கைத் தாண்டினார். நுர்சாத்தின் மேல் மோதாமல் இருக்கக் குழந்தைக்கு நேர் முன்னால் வந்து நின்றார்.



"வழி விடு தங்கச்சி, பஸ்ஸு..."

"முதல்ல வந்தது இவர்தான்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"இவர் ஓட்டத்துலயே இல்ல!" என்றாள் அக்கா.

"இவர் ஒருத்தர்தான் ஓடினார்" என்றார் மற்றொருவர். 

அதற்குள் யாரோ ஓடிவந்தவர் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டார்கள். அவர் கத்தியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார்.

"யார் புள்ள இது?"

"எங்க புள்ளதான் அண்ணே" என்றேன். "நடக்க மாட்டேங்குது. நீங்கதான் அறுக்கணும்."

"யேய் ஜெக்ஷென்!" பஸ் ஓட்டுநர் தாலாய் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏறுறியா, இல்ல அங்கேயே குடும்பம் நடத்தப் போறியா? தினம் உன்னால லேட்டு!"

"தினமுமா?" என்றாள் அக்கா.  "தினமுமா லேட்டா வருவார்?"

"பொறந்ததுல இருந்தே" என்றார் தாலாய்.

ஜெக்ஷென் புகைக்குழாயை வைக்க இடம் தேடி, அப்போதுதான் வந்து சேர்ந்த அசில்பெக்கின் கையில் திணித்தார். "கொஞ்சம் பிடிங்க." துணைத்தலைவர் பிடித்துக்கொண்டார். மார்பில் கரி அப்பிக்கொண்டது. ஜெக்ஷென் மண்டியிட்டுக் கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தார். "நல்லா இரு தாயீ, காலா காலத்துல போய்ச் சேரு" என்று ஆசீர்வாதம் செய்து கத்தியை என்னிடம் கொடுத்தார்.

நுர்சாத் மெல்லக் கையை எடுத்தாள்.

பெகிமாய் உட்கார்ந்தாள்.

வலது குதிகாலை ஊன்றினாள், மடக்கினாள், பொர்சோக் தட்டை நோக்கிப் புறப்பட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நுர்சாத் வெறும் கைகளை முன்னால் நீட்டியபடியே நின்றாள்.

பஸ் நகர ஆரம்பித்தது.

"ஐயையோ, போயிடும்! போயிடும்!" ஜெக்ஷென் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்.

பெகிமாய் நின்றாள். அதாவது வழுக்குவதை நிறுத்தினாள். அவர் முதுகைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். பொர்சோக்கைக் கீழே வைத்தாள். அவள் அதைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் புல்லில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, எழுந்து நின்றாள்.

நடப்பது என்றால் என்ன? உடம்பை முன்னால் விழவிட்டு, விழுவதற்குள் ஒரு காலைக் கொண்டுபோய் வைப்பது. மறுபடி விழவிடுவது. மெதுவாகச் செய்தால் கஷ்டம், நடுவில் யோசிக்க நேரம் கிடைத்துவிடும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் யோசிப்பதில்லை. பெகிமாய் முழு உடம்பையும் முன்னால் சாய்த்து, ஒரு கையை வானத்துக்குத் தூக்கி, அறுந்த கயிறு இரண்டு காலிலும் பறக்க, பஸ்ஸை நோக்கிப் போனாள்.

"ஓ! ஓ!" என்று கத்தினாள். அவள் மொழியில் அதற்கு "நிறுத்துப்பா" என்று பொருளாக இருக்க வேண்டும்.

தாலாய் கண்ணாடியில் பார்த்து பிரேக்கை மிதித்தார். கதவைத் திறந்தார். பயணிகள் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நுர்சாத் ஓடிப்போய் முதல் படியில் ஏறிக்கொண்டிருந்தவளை வாரி எடுத்தாள். அழுதாள், சிரித்தாள், ஜெக்ஷெனின் கரிக்கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பஸ் போன பிறகுதான் அசில்பெக் புகைக்குழாயைப் பிடித்தபடியே நிற்பதை எல்லோரும் கவனித்தோம்.

அடுத்த நாளிலிருந்து ஒரு விஷயம் தெரிந்தது. பஸ் இருந்தால்தான் நடப்பாள். இல்லாவிட்டால் பழையபடி உட்கார்ந்தே போவாள். சமையலறையிலிருந்து படுக்கைக்கு வரவைக்க நான் முற்றத்தில் காரின் ஹாரனை அடிப்பேன். நுர்சாத் கட்டில் பக்கம் நின்றுகொண்டு, "நாரின், நாரின், கிளம்புது, கிளம்புது!" என்று கூவுவாள். பெகிமாய் கையைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள்.

"பாத்தியா, லேட்டா வர்றவ ஆயிட்டா" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இல்லக்கா. ஜெக்ஷென் அண்ணனும் இவளும் ஒருநாளும் பஸ்ஸை விட்டதில்லையே. கடைசி நொடியில பிடிச்சிடுறாங்க. அது தனித் திறமை" என்றேன். அக்கா எழுந்து போய்விட்டாள்.

புகைக்குழாயைத் திரும்ப வாங்கிப்போக ஜெக்ஷென் வந்தபோது நுர்சாத் அவரை உட்காரவைத்துச் சோறு போட்டாள். பாதிச் சாப்பாட்டில் ஹாரன் கேட்டது. அவர் எழுந்து ஓடினார். பின்னாலேயே இன்னொருத்தியும் ஓடினாள். வாசல் கதவு திறந்திருந்தது. நான் கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது பஸ் கிளம்பிவிட்டிருந்தது. பாலத்தருகே தாலாய் நிறுத்தி, பின் இருக்கையிலிருந்து பெகிமாயை இறக்கி, ஜெக்ஷெனின் கையில் கொடுத்தனுப்பினார். ஜெக்ஷென் அன்று முதல்முறையாகப் பஸ்ஸைக் கோட்டைவிட்டார்.

நுர்சாத் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"கதவுக்குத் தாழ்ப்பாள் போடு."

கருவிப்பெட்டியை எடுத்துவந்து, தாழ்ப்பாளை இடுப்பு உயரத்தில் வைத்துக் காட்டினேன். "இந்த உயரம் போதும். கையைத் தூக்கினாக்கூட எட்டாது. அவ தோள்ல இருந்து விரல் வரைக்கும் அளந்துட்டேன்."

"மேல வை."

நெஞ்சு உயரத்தில் வைத்தேன். "இப்போ ஸ்டூல் போட்டாலும்..."

"இன்னும் மேல, மெதெர்."

குதிகாலை உயர்த்தி, கதவின் உச்சியில் துளை போட்டேன். கீழே இறக்கிவிடப்பட்ட பெகிமாய் கதவைப் பிடித்து எழுந்து நின்று, தலையை அண்ணாந்து, நான் திருகாணி முறுக்குவதைக் கடைசிவரை பார்த்தாள். பார்த்து முடித்ததும் ஹாரன் எதுவும் அடிக்காமலே, அவசரமில்லாமல், நடந்துபோய் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தாள்.