முன்னால் நிற்கும் பூஜ்யம்

"பாத்தியா விபேகே, ஒரு பிழைகூட வரல," என்றான் ப்ரேபன்.

எப்படி வரும்? பழைய கோப்பிலிருந்து நோயாளிகளைப் புது அட்டவணைக்கு மாற்றும் நிரலில், எந்தப் பதிவை அட்டவணை ஏற்க மறுத்தாலும் சத்தமில்லாமல் தாண்டிப் போ என்று நேற்று அவனே ஒரு வரி எழுதி வைத்திருந்தான். மேலாளராம். பத்து மணிக்கு நகராட்சியிலிருந்து டோர்தே பார்க்க வருகிறாள். திங்கட்கிழமை முதல் நர்ஸ்கள் எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை எங்கள் அட்டவணைதான் சொல்லும்.

எண்ணிப் பார்த்தேன். பழைய கோப்பில் 6,412 பேர், புது அட்டவணையில் 4,530.

டென்மார்க்கில் எங்கள் பத்து இலக்க அடையாள எண் பிறந்த தேதியில் தொடங்கும். ஏழாம் தேதி பிறந்தால் 07. நாங்கள் நிரல் எழுதும் மொழியான பைத்தான் அதை வெறும் எண் என்று நினைத்து முன்னால் இருந்த பூஜ்யத்தைத் தூக்கிப் போட்டுவிட்டது. அட்டவணையோ பத்து எழுத்து இருந்தால்தான் உள்ளே விடும். மாதத்தின் முதல் ஒன்பது நாளில் பிறந்த ஒருவர்கூட உள்ளே இல்லை.

"திங்கக்கிழமைக்கு அப்புறம் பாத்துக்கலாம். இன்னிக்கு எதையும் தொடாத," என்றான்.

"இன்சுலின் போட ஆள் வரலன்னு உக்காந்திருப்பாங்களே, அவங்ககிட்டயும் அப்புறம்னு சொல்லுவியா?"

"உனக்கு எல்லாமே பெருசு. ஒப்பந்தம் கைய விட்டுப் போயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூஜ்யத்தை மட்டும் ரகசியமாகச் சரிசெய்திருக்கலாம். ஆனால் தாண்டிப் போகச் சொல்லும் அவனுடைய அந்த வரி இருக்கும்வரை அடுத்த கோப்பிலும் ஆட்களை விழுங்கும். அவன் காபி எடுக்கப் போனதும் அதை அழித்தேன்.

டோர்தே உட்கார்ந்தாள், ப்ரேபன் நிரலை ஓட்டினான். திரையெல்லாம் சிவப்புப் பிழைச் செய்திகள்.

"என்ன இது?" என்றாள்.

"ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்திரண்டு பேர் விட்டுப்போச்சு. உங்ககிட்ட மறைக்க இருந்தோம்," என்றேன்.

ப்ரேபன் என் காலை மிதித்தான். நான் விசைப்பலகையை என் பக்கம் இழுத்து, அந்த எண்ணை எழுத்தாகவே படி என்று பைத்தானுக்கு ஒரு வார்த்தை சேர்த்தேன். மறுபடி ஓட்டினேன். 6,412. டோர்தே அதைக் குறித்துக்கொண்டு, ப்ரேபனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கிளம்பினாள்.

கதவு சாத்தியதும், "திங்கக்கிழமை நீ வர வேணாம்," என்றான்.

"வருவேன். அத்தன வீட்டுக்கும் நர்ஸ் போயாச்சான்னு பாத்துட்டு, அப்புறம் நானே போறேன்."