தகரத்துக்கு வேர்த்தது

குரங்குகள் குதித்துக் குதித்து உடைத்த ஓடுகளுக்கு அதே அளவில் மாற்று ஓடு கிடைக்காமல், மூன்று வருசமாகத் தார்ப்பாயைப் போட்டுச் சமாளித்தார்கள் ராமரும் அவர் மனைவி பாண்டிச்செல்வியும். போன வருசக் கோடை மழையில், அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டில் பாதி நனைந்து வீணாய்ப் போனது. தகரம் போட்டுவிடலாம் என்று பாண்டிச்செல்விதான் சொன்னாள்.

ராமருக்கு அரை மனசு. "கூரை முழுக்கப் புதுசா வேற ஓடே வாங்கிப் போட்டா என்ன?"

"புது ஓடு, ஏறாதன்னு குரங்குகிட்ட நீங்க சொல்லி வைப்பீகளாக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். அதோடு முடிந்தது பேச்சு.

சித்திரையில் கொடைக்கானலிலிருந்து ஷீட்டுப் போடுகிற ராஜேஷ்குமார் வந்தான். கலர் அட்டையை விரித்து நேரே அவளிடம் நீட்டினான். "அக்கா, நீங்க சொல்லுங்க. அண்ணனுக்கு எல்லாக் கலரும் ஒண்ணுதான்."

அவளுக்கு எடுக்கிற சேலையைக்கூட அந்த வீட்டில் அவளைக் கேட்டு எடுத்ததில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டுப் பச்சையைத் தொட்டாள்.

"அடியில ஃபோம் ஒட்டினது ஒண்ணு இருக்குக்கா. மலைக் குளிருக்கு அதுதான் நல்லது."

"கூரைக்கு எதுக்குய்யா மெத்தை? நாங்க என்ன ஓட்டலா நடத்துறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டே நாளில் வேலை முடிந்தது. "எறும்பு போகச் சந்து கிடையாதுக்கா" என்றான் ராஜேஷ்குமார். பிரித்த ஓடுகளையெல்லாம் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். டவுனில் யாரோ காட்டேஜுக்கு அழகுக்காகக் கேட்டிருந்தார்களாம்.

மாசியில் எடுத்த விதைப்பூண்டு முந்நூறு கட்டு. மூங்கில் கழிகளில் வரிசையாகத் திரும்பவும் தொங்கவிட்டாள். நடவுக்கு இன்னும் ஒன்றரை மாசம் புகை குடிக்க வேண்டும். நாலாம் நாள் மழை அடித்துப் பெய்தது. உள்ளே ஒரு பொட்டு இல்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வெள்ளனே அடுப்பை ஊதும்போது பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. வெளியே மழை இல்லை. அண்ணாந்து பார்த்தாள். தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்து நின்றது. ஓட்டுச் சந்து வழியாக வெளியேறிக்கொண்டிருந்த புகைக்கும் சோற்று ஆவிக்கும் இப்போது போக இடமில்லை. குளிர்ந்த தகரத்தில் முட்டி, கரித் தண்ணீராகப் பூண்டின் மேலேயே இறங்கியது.

ராஜேஷ்குமாருக்குப் போன் போட்டாள்.

"தகரம் வேர்க்குதுக்கா. அதுக்குத்தான் ஃபோம் சொன்னேன். இனிக் கழட்டினா ஆணி அடிச்ச ஓட்டையெல்லாம் ஒழுகும். கொஞ்ச நாளைக்கு அடுப்பு மூட்டாம இருங்க."

மூன்று நாள் கேஸிலேயே பொங்கினாள். புகை இல்லாத பூண்டில் சாம்பல் பூத்தாற்போலப் பூஞ்சை பிடித்தது. பயந்துபோய் அடுப்பை மூட்டினாள், மறுபடி சொட்டியது. தகரத்துக்கும் பூண்டுக்கும் நடுவில் தார்ப்பாய் கட்டிப் பார்த்தார் ராமர். தார்ப்பாய்க்கும் அடியில் வேர்த்தது.

"நான்தான் கெடுத்தேன்" என்றாள்.

"உனக்கென்ன தெரியும், விடு" என்றார் அவர். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பக்கத்து வீட்டு இருளாயி வீடு இன்னும் ஓடுதான். "எங்க பூண்டுக் கட்டே தலையில இடிச்சுக்கிட்டுக் கெடக்கு செல்வி. இருபது கட்டுக்கு வேணா எடம் தாரேன். வெரசா கொண்டா."

முந்நூறில் இருபது. கழியைத் தரையில் இறக்கி வைத்து, ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பூண்டுப் பல்லை அழுத்திப் பார்த்தாள். கல்லாய் இருக்க வேண்டிய பூண்டு விரலுக்கு அமுங்கியது. சிலதில் பச்சையாக முளை எட்டிப் பார்த்தது. நிலம் இன்னும் உழவே இல்லை. கெட்டியாய் இருந்ததை மட்டும் ராமர் வாங்கி ஓரமாக வைத்தார். கடைசிக் கழிக்கு வந்துவிட்டாள்.

"பதினாலு தேறியிருக்கு" என்றார்.

"எண்ணாதீக" என்றாள் அவள், அடுத்த கட்டை அழுத்தாமல் கையிலேயே வைத்துக்கொண்டு.