லாடப்பிடி வைத்த புகையடுப்பு

டெக்சஸில் வாண்டாவின் கொல்லை நிறையப் பழைய கரியடுப்புகள்.

"கடை போடப் போறியாடி?" என்று அக்கா டார்லீன் நொடிப்பாள்.

கணவன் கிளைடு செத்த ஆத்திரத்தில், இறைச்சியைப் புகையில் வாட்ட அவன் செய்த புகையடுப்பை யாருக்கோ தள்ளிவிட்டிருந்தாள் வாண்டா. பிறகு மனம் மாறி, அதைத் தேடிப் பழைய சாமான் விற்கும் இடமெல்லாம் போய் மூடியைத் திறந்து முகர்ந்தாள். அவன் வாட்டிய மாட்டிறைச்சியின் வாசனை எதிலும் இல்லை. மனசு கேட்காமல் அவற்றையும் வாங்கிவந்தாள்.

இன்று டார்லீனோடு போனபோது, ஒரு வீட்டு வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த அடுப்பில், கிளைடு பிடியாகப் பற்றவைத்த குதிரை லாடம் தெரிந்தது. ஓடிப்போய்த் திறந்தாள். உள்ளே பளபளத்தது.

"ஒரே கரிம்மா! சோப்புப் போட்டுத் தேய்ச்சிட்டேன்," என்றான் விற்பவன் பெருமையாக.

"அடப்பாவி! இருபது வருஷப் புகைடா அது!" டார்லீன் பாய்ந்தாள்.

வாண்டா லாடத்தை விடவில்லை.

"வண்டியில ஏத்துக்கா. அவரும் வெறும் இரும்புலதான் ஆரம்பிச்சாரு."