சமாதானத்தின் இராக்கினிக்குப் பிறகு

எழுபத்தாறாம் வருஷம் ஜெபமாலை மாதமான அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கோயில் மணி அடிக்கிற நேரத்தில் சந்தனமேரிக்கு வயிற்றுவலி வந்தது. பதினாறு வயது, தோட்டத்தில் அரைச் சம்பளத்துக்குக் களை பறிக்கிறவள். அண்ணன் பெண்டாட்டி இருதயம்மாள் அவள் முகத்தைப் பார்த்ததும் வலி வயிற்றில் இல்லை என்று கண்டுகொண்டாள்.

“என்னட்டி பண்ணித் தொலைச்ச?”

“மதினி, யார்ட்டயும் சொல்லிராதீங்க. நாட்டு வெளையாட்டு இருக்குல்ல…”

இருதயம்மாளுக்குத் தெரியாததா. சக்குபள்ளத்துக்கு மேலே அந்த ஏலத்தோட்டத்தில் கூலிக்காரர் வீட்டு வரிசைகளான லயங்கள் ஐந்து. லயத்துக்கு ஒரு நாடு. சாக்கடைதான் எல்லை. பதினைந்து வருஷமாகப் பிள்ளைகள் போரும் சமாதானமுமாக ஆடிவந்தார்கள். ஆளுகிற பிள்ளை வளர்ந்து முழுச் சம்பளத்தில் பேர் ஏறிய அன்று, விளையாட்டில் அந்த ராஜா செத்துப்போவார். கொய்யா இலை போட்டு அடக்கம் செய்துவிட்டு அடுத்தவருக்குப் பட்டம் கட்டுவார்கள். இருதயம்மாளே இரண்டாம் லயத்தை ஆண்டு செத்தவள்.

யார் ஆண்டார், எந்தச் சாக்கடைக்காக யார் மண்டை உடைந்தது என்பதெல்லாம் ஏலக்காய் ஸ்டோரின் பின்சுவரில் கரியால் எழுதியிருந்தது. முதலாளி வருகிறார் என்று போன மாதம் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். சேதி முன்னாடியே தெரிந்து, சந்தனமேரி சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து மனப்பாடம் பண்ணவைத்தாள். ஒன்றும் தலையில் நிற்கவில்லை. மாதா பிரார்த்தனை ராகத்தில் போட்டுக் கொடுத்தாள். நின்றுவிட்டது.

“நின்னா நல்லதுதான?”

“பிரார்த்தனை முடிஞ்சாலும் நிப்பாட்ட மாட்டேங்கானுவ மதினி. நேரா நம்ம ராசாக்களுக்குப் போயிருதானுவ. நேத்து உங்க மவன் வாயை நான்தான் பொத்துனேன். இன்னைக்கு உபதேசியார் அவனத்தான் சொல்லச் சொல்லியிருக்காரு.”

“மறந்துருங்கலேன்னு சொல்லிரு.”

“சொன்னா மறந்துருவானுவ. சுவரும் இல்ல. பெறகு எங்க போயித் தேட?”

இருதயம்மாள் முந்தானையை உதறிச் செருகினாள். “அதுல நான் இருக்கேனா?”

“நாலாவது.”

“அப்ப வா, நேரமாச்சு.”

கோயிலில் நாளெல்லாம் காய் பறித்த ஜனம் பாதித் தூக்கத்தில் முழந்தாளிட்டிருந்தது. “சமாதானத்தின் இராக்கினியே” என்று பிரார்த்தனையின் கடைசி வரியைச் சொன்னான் இருதயம்மாள் மகன் பிச்சைமணி.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

பிச்சைமணி நிறுத்தவில்லை. “ஒண்ணாம் லயத்து அந்தோணி ராசாவே.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

“கொய்யாமரத்த மீட்ட லூர்து ராசாவே.”

உபதேசியாரும் கண்ணை மூடியபடி வேண்டிக்கொண்டார்.

“சண்டைக்குப் பயந்து ஓடின சுவக்கீன் ராசாவே.”

முன்வரிசையில் இருந்த சுவக்கீன் இப்போது கங்காணி. அவரும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

“யார்லே சொல்லிக்குடுத்தது?” என்றார் உபதேசியார். பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே பக்கம் கை நீட்டினார்கள். மாதம் முடியும்வரை சந்தனமேரி வாசற்படியில் முழந்தாளிட வேண்டும், பிள்ளைகள் இனி அதை வாயில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. நாலாவது பேர் வருவதற்குள் நின்றுபோனதில் இருதயம்மாளுக்குக் கோபம்.

வெளியே சுவக்கீன் காத்து நின்றார்.

“ஏ பிள்ள, நான் ஓடல. அம்மை போட்டிருந்துச்சு.”

“அம்மை அடுத்த மாசம்லா போட்டுச்சு!” என்றாள் இருதயம்மாள்.

“நீ சும்மா இரு. ஏ பிள்ள, அத மாத்து.”

“மாத்துனா அந்த எடத்துல தடுக்கும் கங்காணியய்யா. தடுக்குனா மிச்சமும் வராது. சொல்லாம இருந்தாலும் போயிரும்.”

“மொத்தமுமா?”

“மொத்தமும்.”

சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக நின்ற ஸ்டோர் சுவரைச் சுவக்கீன் பார்த்தார்.

“அப்ப ஓடினதாவே இருக்கட்டும்,” என்றார். “பிள்ளைங்க ஸ்டோருக்குள்ள வச்சுச் சொல்லிப் பாக்கட்டும். சாவி எங்கிட்டதான் இருக்கு.”

திங்கட்கிழமை சந்தனமேரிக்குக் களை பறிக்க அட்டை மொய்க்கிற மேட்டுக்காட்டை ஒதுக்கினார்.