பார்த்தாச்சு

"அலாரம் மூணு வாட்டி அடிச்சிது. மூணு வாட்டியும் அமுக்கினேன்."

"மேசையிலேர்ந்தா?"

"மேசையிலேர்ந்துதான்."

"போய்ப் பாக்கலையா கமலக்கா?"

"அப்ப எட்டாம் பெட்டுக்காரரு வாந்தி எடுத்துகினு கீறாரு. புதுசா வந்த பொண்ணு ஊசி போடத் தெரியாம முழிச்சிகினு நிக்குது. நீ இருந்தா மட்டும் போயிருப்பியா சுதா?"

சுதா அப்பாவின் கையிலிருந்த ஊசிக்குழாயை உருவி, அந்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினாள். ரத்தம் வரவில்லை. வராது என்று தெரிந்தும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தாள்.

ஆறு வருடமாக இதே வார்டில்தான் அவள் நர்ஸ். நிமோனியா என்றதும் அப்பா உத்தமனை இங்கேயே சேர்த்தாள். காலையில் கஞ்சி வைத்துவர அண்ணனூர் வீட்டுக்குக் கிளம்பும்போது, "பயப்படாதப்பா, கையில கட்டியிருக்கிற பட்டை உன் மூச்சை எண்ணிக்கிட்டே இருக்கும்" என்றாள். அவர் தலையாட்டினார். பதினொன்றரைக்குத் தூக்குவாளியோடு அவள் திரும்பியபோது நர்சுகள் மேசையிலிருந்த திரையில் அவர் பெயர் ஆபத்தில்லை என்று பச்சையில் இருந்தது. கட்டிலில் அவர் உதடுகள் நீலமாக இருந்தன. முக்கால் மணி நேரம் நெஞ்சை அழுத்தியும் உயிர் திரும்பவில்லை.

போன வருடம் அந்த ஏ.ஐ. திரை வந்தபோது நர்சுகள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். நோயாளி புரண்டு படுத்தால் அலறும், இருமினால் அலறும். ஒவ்வொரு முறையும் கட்டில்வரை ஓடிப் பார்த்து, அங்கே 'பார்த்தாச்சு' பொத்தானை அழுத்த வேண்டும். மேசையிலிருந்தே அழுத்தலாம் என்று கண்டுபிடித்தவள் சுதா. தயங்கிய மூத்த நர்ஸ் கமலத்தின் விரலைப் பிடித்துத் திரையில் வைத்துக் காட்டியவளும் அவள்தான். நீங்கள் எதையெல்லாம் பார்த்துவிட்டு விடுகிறீர்களோ, அதெல்லாம் ஆபத்தில்லை என்று அது கற்றுக்கொள்ளும் என்று பயிற்சியில் கம்பெனி ஆள் சொன்னான். அப்போது எல்லோரும் சமோசா தின்றுகொண்டிருந்தார்கள்.

இன்று நாலாவது முறை அது அடிக்கவே இல்லை.

"பதினெட்டு வருசமா பேசண்டு காலைத் தொட்டே சொல்லுவேன், இவரு மோசமாவுறாரு, டாக்டரைக் கூப்புடுன்னு," என்றாள் கமலம். "இந்த மாமியார் வந்ததுலேர்ந்து தொடறதையே உட்டுட்டேன். அது பாத்துக்கும்னு ஒரு நெனப்பு. அது உட்டாலும் பழி நம்ம மேல வராதுன்னு…"

கமலம் பாதங்களைச் சேர்த்துப் பிடிக்க, சுதா கட்டைவிரல்களைத் துணியால் கட்டினாள்.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு சுதாவின் தம்பி வெங்கட் வந்தான். அம்பத்தூரில் ஐ.டி. வேலை. அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் காகிதம்.

"ரெக்கார்டை வாங்கிட்டேன்க்கா. மிஷின் ஒழுங்காத்தான் சொல்லியிருக்கு. ஒம்பதே காலு, ஒம்பதே முக்கா, பத்து பத்து. மூணு தடவையும் கட்டில் பக்கமே போகாம மேசையிலேர்ந்து பாத்தாச்சுன்னு போட்டிருக்காங்க. மிஷின் மேல தப்பே இல்ல." கமலத்தின் நெஞ்சில் குத்தியிருந்த பெயர் அட்டையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்கதானா சிஸ்டர்? இதெல்லாம் உங்களுக்கு யாரு கத்துக்குடுத்தா? சொல்லுங்க. உங்களையும் கத்துக்குடுத்தவங்களையும் நான் சும்மா விடப் போறதில்ல."

கமலம் பாதங்களிலிருந்து கையை எடுக்கவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை.

"நீயே சொல்லும்மா சுதா," என்றாள்.