‘இல்லை’ என்ற கட்டம்

கணவர் போனில் கூப்பிட்டபோது அவள் ஒரு பல் செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தாள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செட் செய்து கொடுக்கும் கூடம் அது. பதினொரு வருடமாக அங்கேதான் வேலை. விசா முடிவு வந்துவிட்டது, வீட்டுக்கு வா என்று மட்டும் சொல்லி அவர் வைத்துவிட்டார். அதன்பிறகு அவள் வைத்த மேல்வரிசை இரண்டு தடவை கோணலாக உட்கார்ந்தது.

வெளிநாட்டில் இருக்கும் தங்கைக்கு வயிற்றில் இரட்டைக் குழந்தை. ஆறாம் மாதத்திலேயே, படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கை வீட்டுக்காரருக்குக் கப்பல் வேலை; நினைத்த நேரம் கரைக்கு வர முடியாது. அக்கா வந்தால் போதும் என்று அவள் தினமும் அழுதாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் கடிதத்தை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தார். விசா மறுப்பு. காரணங்கள் மூன்று. தங்கையின் அழைப்புக் கடிதத்தில் மூன்று மாதம் என்றிருக்க, விண்ணப்பத்தில் ஒரு மாதம் என்று இருந்தது. வேலையிடத்துக் கடிதத்தில் ‘இங்கே பணிபுரிகிறார்’ என்ற ஒற்றை வரிதான். லீவு எத்தனை நாள், எப்போது திரும்புவார் என்ற பேச்சே இல்லை. இந்த இரண்டையும் அவர் விரல் தாண்டிப்போனது. மூன்றாவதில் நின்றது. எட்டு வருடத்துக்கு முன் இதே நாடு இந்த விண்ணப்பதாரருக்கு வேலை விசா மறுத்திருக்கிறது. ‘முன்பு விசா மறுக்கப்பட்டதா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் தந்திருக்கிறார்.

“இது வேற யாரோடதோ மாறி வந்திருக்கும், இல்லையா?”

அவர் முகத்தைப் பார்த்தபோது, ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

“நான்தான்” என்றாள்.

விண்ணப்பத்தை நிரப்பியது அவர்தான். ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து அவளிடம் கேட்டுக்கொண்டே வந்தவர், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் கேட்காமலே ‘இல்லை’ என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டாள்.

எட்டு வருடத்துக்கு முன் மகளுக்கு இரண்டு வயது. இரவு பகல் பாராமல் லிஃப்ட் பழுது பார்க்க அவர் ஓடிக்கொண்டிருந்த காலம். வீட்டுக்கு வந்தால் தூக்கம், எழுந்தால் ஓட்டம். மாதக்கணக்கில் அவளோடு நாலு வார்த்தை பேசியதில்லை. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வெளிநாட்டு முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குப் போய்விடுவோம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்தாள். மறுத்துவிட்டார்கள். தாளைக் கிழித்துப் போட்டாள். அப்புறம் அவருக்குப் பகல் ஷிஃப்ட் கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சரியானது. சொல்வதற்குத்தான் வேளை வரவில்லை.

மூன்று நாள் அவர் அவளைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலாம். சாவி எங்கே என்று கேட்டார், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். அவள் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தபடி இருந்தாள். போன் அடிக்கும்போதெல்லாம் தங்கையோ என்று ஓடிப்போய்ப் பார்த்தாள்.

நாலாம் நாள் லீவு போட்டுவிட்டு ஃபைல் அக்காவிடம் போனாள். விசா விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுப்பவர். மேசை, நாற்காலி, ஜன்னல் விளிம்பு எங்கும் ஃபைலாக இருப்பதால் அந்தப் பெயர். கடிதத்தைப் படித்துவிட்டு, பல வருடத்துக்குத் தடை போடாமல் விட்டார்களே, அது உன் நல்ல நேரம் என்றார். பழைய மறுப்பை எடுத்துச் சொல்லிப் புரியவைக்கலாம், ஆனால் அவர்கள் கணினியில் இருப்பதையே இல்லை என்றால் மற்ற தாள்களையும் நம்ப மாட்டார்கள். எல்லாக் கடிதத்திலும் நாள் கணக்கு ஒத்துப்போகட்டும், லீவுக் கடிதத்தில் திரும்பி வேலையில் சேரும் தேதி இருக்கட்டும், தங்கையின் மருத்துவச் சான்றையும் சேர் என்றார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

“அப்போ ஏன் போக நினைச்சே, இப்போ ஏன் மறைச்சே, ரெண்டையும் நீயே எழுது. நான் எழுதினா என்னோட கதை மாதிரி இருக்கும்.”

வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள். வேலையிலிருந்து வந்த கணவர் எதிரில் உட்கார்ந்தார்.

“எங்களை விட்டுட்டுப் போகத்தான் அப்போ அப்ளை பண்ணினியா?”

“ஆமா. திரும்பி வரணும்னு அப்போ நினைக்கலை.”

அவர் தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தேய்த்தார். “பக்கத்துலதானே இருந்தேன்” என்றார். “ஒண்ணுமே தெரியலையே எனக்கு.”

பிறகு தாளை வாங்கிப் படித்தார். ‘குடும்பச் சூழல் காரணமாக’ என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டி, இதில் யாருக்கும் ஒன்றும் புரியாது, உள்ளதை எழுது என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே எழுதினாள்.

மறுபடி விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போனபோது அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். அன்று விட்டுப்போக நினைத்தவர் இன்று திரும்புவார் என்று எப்படி நம்புவது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். வேலை, மகளின் பள்ளிக்கூடம் என்று மனப்பாடம் செய்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

“அன்னைக்கு நான் போனா யாரும் தேட மாட்டாங்கன்னு இருந்தது. இன்னைக்கு அப்படி இல்லை. காலையிலேர்ந்து என் வீட்டுக்காரர் வெளியே நிக்கிறார்.”

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டு, போகலாம் என்றார். அதற்குப்பின் பத்தொன்பது நாள். பதினேழாம் நாள், குறித்த தேதிக்கு ஏழு வாரம் முன்னதாகவே, குழந்தைகள் பிறந்துவிட்டன. இரண்டும் பெண், இரண்டும் கண்ணாடிப் பெட்டிக்குள். பத்தொன்பதாம் நாள் இரண்டு மாத விசா வந்தது. பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்ற குறை இருந்தாலும், குழந்தைகள் வீட்டுக்கு வந்த நாளில் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொள்ள அக்காவும் தங்கையும் இருந்தார்கள்.

விசா முடிய ஒரு வாரம் இருக்கும்போதே அவள் கிளம்பிவிட்டாள். விமான நிலையத்துக் கம்பித் தடுப்பை ஒட்டிக் கணவரும் மகளும் நின்றிருந்தார்கள். அவர் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். மகள்தான் புகார் சொன்னாள்.

“ரெண்டு மணி நேரமா நிக்கிறோம்மா. அப்பா உட்காரவே விடலை.”