வாட்ச் கட்டிய பெண்

கதவை அவள் இரண்டு கைகளாலும் தட்டுகிறாள், தட்டும்போது முந்தானை நழுவி இடது கை தெரிகிறது, மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை வைத்த வாட்ச், போன வாரம் வரை அந்தக் கை வெறுங்கை, கடத்தியவர்கள் முதல் நாளே எல்லாருடைய வாட்சையும் செல்போனையும் பிடுங்கி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டதை நாங்கள் டிவியில் பார்த்திருந்தோம், நான் கவனிக்கவில்லை, இசக்கி கவனித்தாள், ஏங்க, வாட்ச்சப் பாத்தியளா, என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருக்கிறாள், அவள் போய் எட்டு மாதமாகிறது, பிடி இன்னும் விடவில்லை.

தொடரின் பெயர் ‘பூட்டிய வீடு’, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி, ஒருவரையொருவர் முன்பின் அறியாத ஆறு பேர் ஒரு வீட்டில் கண் விழிக்கிறார்கள், ஆட்டோ ஓட்டுபவர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், நர்ஸ், பரோட்டா மாஸ்டர், கல்லூரிப் பெண், வங்கியில் வேலை பார்க்கும் அந்த வாட்ச்காரி, யார் தூக்கி வந்தார்கள், ஏன் இந்த ஆறு பேரை, ஒன்றும் தெரியாது, எங்களுக்குக் கல்யாணமாகி ஆறாவது மாதம் அது தொடங்கியது, அம்பத்தூரில் அந்த மாடிப் போர்ஷனில் டிவி வைக்க மேசை கூட வரவில்லை, அவள் நாங்குனேரியிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியின் மேல் வைத்திருந்தோம், பத்தரைக்குள் சோறு வடித்து முடித்துவிடுவாள், விளம்பரம் வந்தால்தான் பேசலாம் என்பது அவள் போட்ட சட்டம், அதை மீறுகிறவளும் அவளே. போஸ்ட்மாஸ்டர் இரண்டு வாரமாக மயக்கத்தில் கிடந்தார், இவரு நடிக்காரு, கால் பெருவிரலப் பாருங்க, ஆட்டுதாரு, என்றாள், பாவம் வயதானவர், கொசு கடித்திருக்கும், என்றேன், ஒங்ககூட உக்காந்து பாக்கதுக்கு அந்தத் தகரப் பெட்டிகூட உக்காந்து பாக்கலாம், என்றாள்.

வாட்ச் வந்தது ஏழாவது வாரம். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை, பருப்பு கடையும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, இரண்டு தெரு தள்ளி அவள் வேலை பார்த்த மருந்துக் கடையிலிருந்து மத்தியானம் போன் செய்து, அவ வெளிய போயிட்டு வாராங்க, இல்லாட்டி வாட்ச் எப்படி வரும், அவதான் இவங்களத் தூக்கிட்டு வந்தவ, பாத்துக்கிடுங்க. சரி, அவள்தான் என்று வைத்துக்கொள், எதற்காக இந்த ஐந்து பேர், சும்மா கையில் கிடைத்தவர்களாக இருக்கும், என்பேன், அவள் கோபப்படுவாள், அப்படியெல்லாம் சும்மா யாரையும் தூக்கிட்டுப் போவமாட்டாவ, என்று சொல்வாள், சொல்கிறாள், கையில் கரண்டியோடு சமையற்கட்டு வாசலில் நிற்கிறாள், நான் திரும்பிப் பார்க்கும்போது வாசல் மட்டும் இருக்கிறது.

பதினொரு வாரம்தான் ஓடியது. பன்னிரண்டாவது ஞாயிறு டிவியைப் போட்டால் ஒருவர் வெண்டைக்காய் வதக்கிக்கொண்டிருக்கிறார், நேரம் மாறியிருக்கும் என்று நாள் முழுக்கப் பார்த்தோம், வரவே இல்லை. இசக்கி அந்தச் சேனலுக்குப் போன் செய்தாள், ஒரு பெண் எடுத்து, மேடம், அந்த புரோகிராம் நிறுத்தியாச்சு, என்றாள், நிறுத்துனா நிறுத்துங்க, யாரு கடத்துனான்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்துங்க, என்றாள் இவள், லைன் போய்விட்டது. அந்த மத்தியானம்தான் அவள் முழுக்கதையையும் சொன்னாள், அவளாக உண்டாக்கிய கதை, நான் அடுத்த நாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், உம், உம் என்றேன், காலரைத் திருப்பிப் போட்டேன், அவள் சொல்லச் சொல்ல ஒரு சொல்கூடத் தவறாமல் என்னுள் விழுந்திருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

மூன்று வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல். முதல் நாள் மாத்திரை, கஞ்சி, நான் வேலைக்குப் போனேன், இரண்டாம் நாளும் மாத்திரை, கஞ்சி, ஒண்ணுமில்ல, நீங்க போங்க, என்றாள், போனேன். மூன்றாம் நாள் பல் துலக்கும்போது வாயிலிருந்து நிற்காமல் ரத்தம், டெங்கு என்றார்கள், இன்னும் முன்னாலேயே வந்திருந்தால், என்று ஒரு டாக்டர் ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான்காம் நாள் கண்ணைத் திறந்து, அந்த வாட்ச்காரி, என்றாள், நான் குனிந்தேன், அவதானான்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்க, என்றாள், ஜுரத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன், சரி, சொல்கிறேன், தூங்கு, என்றேன். ஐந்தாம் நாள் காலை அவள் இல்லை.

எட்டு மாதம் நான் எதையும் கேட்கவில்லை, யாரிடமும், வேலைக்குப் போனேன், வந்தேன், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அந்த வெண்டைக்காய்க்காரரைப் பார்த்தேன். அவள் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான், கடைசியாகக் கேட்டது, அதையும் செய்யாமல் இருக்கிறேன் என்பது ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது உறைத்தது, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அப்படியே நின்றேன். என்னோடு வேலை பார்க்கும் தணிகாசலத்தின் மச்சான் படப்பிடிப்பு வண்டி ஓட்டுகிறார், அவர் வழியாக முகவரி கிடைத்தது, திரைக்கதை வசனம் ஆரூர் கலியன், சாலிகிராமம், திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

மாடியில் ஒற்றை அறை, லுங்கியும் பனியனுமாக ஒருவர் பரீட்சை அட்டையில் காகிதம் செருகி எழுதிக்கொண்டிருந்தார், ஐம்பது வயதிருக்கும், வாய்ப்பு கேட்டு வந்தவன் என்று நினைத்தார் போல, ஆர்ட்டிஸ்ட்டெல்லாம் மேனேஜர் பாக்கறாரு தம்பி, என்றார். இல்லை சார், ‘பூட்டிய வீடு’ பார்த்தேன், கடத்தியது யார் என்று கேட்க வந்தேன், என்றேன். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தார், பிறகு ஒரு சிரிப்பு, அதைத்தான் தம்பி சேனல்லயும் கேட்டாங்க, எனக்கே தெரியாதுன்னேன், மறு வாரம் நிறுத்திட்டாங்க. தெரியாதா சார். எப்படித் தெரியும், காலையில செட்டுக்குப் போவோம், இன்னிக்கு யாரு வந்திருக்கான்னு பாப்போம், வந்தவங்களுக்கு சீன் எழுதுவோம், போஸ்ட்மாஸ்டரா நடிச்சவருக்கு முட்டிவலி, நிக்க முடியல, அதான் ரெண்டு வாரம் மயக்கத்துல போட்டேன், அந்தாளு அதுலயும் காலை ஆட்டிக்கிட்டே இருந்தாரு.

அந்த வாட்ச், என்றேன், ஏழாவது வாரம், அந்த வங்கிப் பெண் கையில். அட, அதை நீங்க கவனிச்சீங்களா, என்று நெற்றியில் தட்டிக்கொண்டார், அந்தப் பொண்ணு காலையில இன்னொரு சீரியல்ல டாக்டரம்மா, மத்தியானம் எங்க வீட்டுல கைதி, அவசரத்துல வாட்சக் கழட்ட மறந்துடுச்சு, எடிட்டிங்லதான் பாத்தோம், எவன் பாக்கப்போறான்னு விட்டுட்டோம்.

நான் எழுந்திருக்க வேண்டும், பதில் கிடைத்துவிட்டது, கடத்தியது அவள் இல்லை, யாருமே இல்லை, ஆறு பேரையும் சும்மாதான் தூக்கி வந்தார்கள், இதைக் கொண்டுபோய் இசக்கியிடம் எப்படிச் சொல்வேன், கரண்டியோடு நிற்பாளே, நான் உட்கார்ந்தே இருந்தேன், இல்லை சார், அவள்தான், என்று என் வாய் சொல்லியது. அந்த ஐந்து பேரும் ஒரு நாள் ஒரே பஸ்ஸில் போனவர்கள், அந்த பஸ்ஸில் அவள் புருஷன் பின்னால் நின்றுகொண்டு வந்தான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து, உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் பார்த்தார்கள், யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை, குடிகாரன் என்று நினைத்தார்கள், ஒருத்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், கடைசி நிறுத்தம் வந்தபோது அவன் இல்லை, அதனால்தான் தூக்கி வந்தாள், கொல்வதற்கு இல்லை, ஏன் எழுந்திருக்கவில்லை என்று ஒவ்வொருவரிடமும் கேட்பதற்கு.

ஆரூர் கலியன் காதிலிருந்த பேனாவை எடுத்தார், அப்ப அவ எதுக்கு தம்பி உள்ள அடைஞ்சு கெடக்கணும், வெளிய நின்னு கேக்கலாமே. அவளும் அதே பஸ்ஸில்தான் இருந்தாள் சார், என்றேன், முன்னால், லேடீஸ் சீட்டில், அவன் பின்னால் ஆண்கள் பக்கம், நாற்பது நிமிஷம், அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, இறங்கும்போது அவன் வந்துவிடுவான் என்று நினைத்தாள், கேட்க வேண்டியவர்களில் அவளும் ஒருத்தி, அதனால்தான் அவளையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டாள். சொல்லி முடித்தேன், மாத்திரை, கஞ்சி, நீங்க போங்க, நான் போகிறேன், படியில் இறங்குகிறேன், திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸைப் பிடிக்கிறேன்.

கீழே காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான். இதை நான் யோசிக்கலியே, என்றார், பதினொரு வாரம் நாயா அலைஞ்சேன், இது தோணலியே, யாரு தம்பி சொன்னது, உங்க யோசனையா. என் வீட்டுக்காரி, என்றேன். அடேயப்பா, அவங்களக் கூட்டிட்டு வாங்க தம்பி, புதுசா ஒண்ணு ஆரம்பிக்கறோம், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இங்கதான் கதை டிஸ்கஷன், அந்த மூளை எனக்கு வேணும், வருவாங்களா, இல்ல, சினிமாக்காரன் சகவாசம் வேண்டாம்பாங்களா.

வாயைத் திறந்தேன், சொல்லிவிடத்தான் திறந்தேன். வியாழக்கிழமை அவளுக்கு லீவுதான், என்றேன். நல்லதாப் போச்சு, பேரு என்ன போடட்டும். இசக்கியம்மாள், என்றேன், எட்டு மாதத்தில் அந்தப் பெயரை உரக்கச் சொன்னது அப்போதுதான், இசக்கி என்று போட்டால் போதும், முழுப் பெயர் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. எழுதிக்கொண்டார், கீழே ஒரு கோடும் போட்டார், அவங்களுக்குக் காபியா டீயா, கடையில சொல்லி வெக்கணும். காபி சார், சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக.

படி இறங்கி வெயிலில் நிற்கிறேன். இன்று திங்கள். இந்த ஊரில் ஒருவருக்கு, வியாழக்கிழமை பதினொரு மணி வரை, இசக்கி உயிரோடு இருக்கிறாள்.